கவலையிலிருந்து ஆழ்துளைக் கிணறு வரை: கொங்கு நாட்டில் நீரிறைப்பு இயந்திரமயமும் வேளாண் தொழிலாளர் நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் இயந்திரமயம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் மையமாகக் கொண்டே அமைகின்றன. கொங்கு நாட்டில் இயந்திரம் முதலில் நுழைந்த இடம் கிணற்றடியாகும். மாடு பூட்டி இறைத்த கவலையின் இடத்தை எண்ணெய் எந்திரமும், பின்னர் மின்மோட்டாரும் பிடித்தன. இம்மாற்றம் பண்ணையாள் முறையின் பொருளாதார அடிப்படையைத் தளர்த்தியது. அதேவேளையில் பயிர்ச் செறிவைப் பெருக்கிக் கூலி வேலையைக் கூட்டியது. நிலத்தடி நீர் கீழிறங்கியதும், நூற்பாலை, விசைத்தறி, பின்னலாடைத் தொழில்கள் வளர்ந்ததும் தொழிலாளர் வேளாண்மையை விட்டு வெளியேற வழிவகுத்தன. அவ்வெளியேற்றத்தின் விளைவாகவே டிராக்டர், அறுவடை இயந்திரம், சொட்டுநீர், தென்னை என்னும் இரண்டாம் கட்ட மாற்றம் விரைவு பெற்றது. இவ்விரு கட்டங்களையும் பிரித்தறிய வேண்டும் என்பதும், இரண்டிலும் நிலமற்ற அருந்ததியர் தொழிலாளருக்கு நீரின் மீது உரிமை கிட்டவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, கவலை, மின்மோட்டார், பண்ணையாள், அருந்ததியர், தோட்டம், கொரங்காடு, நிலப் பயன்பாடு.

முன்னுரை

இயந்திரம் வந்தால் ஆள் வேலை குறையும் என்பது பொதுவான கருத்து. ஆள் கிடைக்கவில்லை, ஆகவே இயந்திரம் வாங்கினோம் என்பது இன்றைய கொங்கு உழவர்களின் பொதுவான கூற்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான காரணகாரிய விளக்கங்கள். முதலாவதில் இயந்திரம் காரணம், தொழிலாளர் இழப்பு விளைவு. இரண்டாவதில் தொழிலாளர் வெளியேற்றம் காரணம், இயந்திரம் விளைவு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்குப் பகுதியின் வரலாற்றில் இவ்விரண்டும் வெவ்வேறு காலங்களில் உண்மையாக இருந்துள்ளன. எந்த இயந்திரம், எந்தக் காலத்தில், எந்த வேலையின் இடத்தைப் பிடித்தது என்று கேட்டால்தான் இவ்வரலாறு தெளிவுபெறும்.

இக்கட்டுரை நீரிறைப்பு இயந்திரத்தை மையமாகக் கொண்டு, ஏறத்தாழ 1900 முதல் இன்று வரையிலான மாற்றங்களை ஆராய்கிறது. புக்கானனின் பயணக் குறிப்புகள், நிக்கல்சனின் மாவட்டக் கையேடு ஆகிய பழைய ஆவணங்களும், கிறிஸ்டோபர் பேக்கர், பிரெண்டா பெக், ஜூடித் ஹேயர், ஷரத் சாரி, கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோரின் ஆய்வுகளும் இதற்கு அடிப்படையாக அமைகின்றன.

காடும் தோட்டமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த கொங்குச் சமவெளியின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். மண்ணுக்கு அடியில் இருப்பது கடும்பாறை. பாறை வெடிப்புகளில் தேங்கும் நீரே கிணற்று நீர். காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகளின் கரையோரங்களில் மட்டுமே பழமையான கால்வாய்ப் பாசனம் இருந்தது. கொடிவேரி அணைக்கட்டும் காளிங்கராயன் வாய்க்காலும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இச்சூழலில் கொங்கு மக்கள் நிலத்தை மூன்றாகப் பகுத்தனர். ஆற்றுப்பாசனம் பெற்றது வயல். கிணற்றுப் பாசனம் பெற்றது தோட்டம். மழையை மட்டும் நம்பியது காடு. கொங்கு வழக்கில் காடு என்னும் சொல் மானாவாரி நிலத்தையே குறிக்கும். காட்டில் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளைந்தன. தோட்டத்தில் ராகி, பருத்தி, புகையிலை, மிளகாய் முதலியன பயிராயின. ஒரு குடும்பத்தின் மதிப்பு அதன் ஏக்கர் கணக்கைவிடக் கிணற்றின் நீரைப் பொறுத்தே அமைந்தது. தமிழக நாட்டுப்புறத்தை ஆற்றுப்படுகை, சமவெளி, கொங்கு நாடு எனப் பிரித்து ஆராய்ந்த பேக்கர் (1984), கொங்கு நாட்டைத் தனி வட்டாரமாகக் கொண்டதற்கு இக்கிணற்றுத் தோட்ட வேளாண்மை முதன்மையான காரணங்களுள் ஒன்று.

1800–1801இல் இப்பகுதி வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானனும், 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை வெளியிட்ட எஃப். ஏ. நிக்கல்சனும் கிணற்றுப் பாசனத்துக்குத் தனிக்கவனம் அளித்துள்ளனர். பாறையை உடைத்துக் கிணறு வெட்டுவது தலைமுறைச் சேமிப்பைக் கோரும் முதலீடு. ஆனால் கிணறு வெட்டியதோடு செலவு முடிவதில்லை. நீரை நாள்தோறும் மேலேற்றுவதற்கு மாடும் ஆளும் வேண்டும். இத்தேவையே கொங்கு நாட்டின் வேளாண் உழைப்பு உறவுகளை வடிவமைத்தது.

கவலையும் பண்ணையாளும்

கவலை என்பது இருமாடு பூட்டி நீரிறைக்கும் அமைப்பு. பிற வட்டாரங்களில் இது கமலை எனப்படும். கிணற்று விளிம்பில் நிறுத்திய மரச்சட்டத்தில் உருளை பொருத்தப்பட்டிருக்கும். அதன்மீது ஓடும் வடத்தின் ஒரு முனையில் சாலும் மறுமுனையில் நுகத்தடியும் பிணைக்கப்படும். கிணற்றடியிலிருந்து சரிந்து செல்லும் ஓடுபாதையில் மாடுகள் இறங்கும்போது சால் மேலேறும். சாலின் அடியில் இணைந்த தோல் குழாயான தும்பியை வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் அது நிமிர்ந்து நீரை வாய்க்காலில் கொட்டும். பின்னர் மாடுகளைப் பின்னோக்கி ஏற்றிச் சாலை மீண்டும் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். கிணறு ஆழமாக ஆக ஓடுபாதை நீளும். ஒரு சால் நீருக்கு ஆகும் நேரமும் கூடும்.

இவ்வேலைக்குக் குறைந்தது இருவர் தேவை. ஒருவர் கவலை ஓட்ட, மற்றொருவர் மண்வெட்டியுடன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். விடியலுக்கு முன்பே தொடங்கி வெயில் ஏறும்வரை இறைப்பு நடக்கும். பயிர்க் காலம் முழுவதும் ஒருநாளும் தவறாமல் நடந்தாக வேண்டிய வேலை இது. நடவுக்கும் அறுவடைக்கும் அன்றாடக் கூலியாள் போதும். கிணற்றடி வேலைக்கு அது பொருந்தாது. நாள்தோறும் தவறாமல் வரும் ஆள், மாட்டின் குணமறிந்த ஆள், இரவில் பட்டி காக்கும் ஆள் வேண்டும். பண்ணையாள் முறை இத்தேவையோடு பொருந்தி நின்றது.

பண்ணையாள் ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தப்படுபவர். தானியமாக அளக்கப்படும் கூலியும், பண்டிகைக்கு உடையும், திருமணம் போன்ற தேவைகளுக்கு முன்பணமும் அவருக்கு வழங்கப்படும். முன்பணம் அடைபடும்வரை வேறிடம் செல்ல இயலாது. கொங்குப் பகுதியில் பண்ணையாள்களுள் பெரும்பான்மையினர் மாதாரிகள் எனப்படும் அருந்ததியர். நில உடைமையாளருள் பெரும்பான்மையினர் கவுண்டர்கள். சிறுவர் ஆடு மேய்க்கவும் மாடு பார்க்கவும் ஆண்டுக் கணக்கில் விடப்பட்டனர். பெருமாள்முருகனின் கூளமாதாரி (2000) நாவல் அத்தகைய சிறுவர்களின் உலகைக் களமாகக் கொண்டது.

அருந்ததியருக்குக் கிணற்றடியோடு இன்னொரு பிணைப்பும் இருந்தது. சாலும் தும்பியும் தோலால் ஆனவை. இறந்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்திச் சால் தைத்தும், பழுதானதைச் சீர்செய்தும் தந்தவர்கள் அவர்களே. அப்பணிக்குக் களத்தில் தானியப் பங்கு உண்டு. ஆக, கிணற்று நீர் மேலே வரும் வழியில் ஒவ்வொரு படியிலும் அவர்களது உழைப்பு இருந்தது. சாதியின் பெயரால் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இம்முரணை மனத்திற்கொண்டே பின்வரும் மாற்றங்களை மதிப்பிட வேண்டும்.

எண்ணெய் எந்திரம், பைக்காரா, கோவைப் பட்டறைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எந்திரத்தால் நீரிறைக்கும் முயற்சிகளை ஆல்பிரட் சாட்டர்டன் ஊக்குவித்தார். கோவைப் பகுதியில் அப்போது பரவிய கம்போடியாப் பருத்தி பாசனத்தை வேண்டியது. கூடுதல் நீர் கூடுதல் வருவாயாக மாறும் என்ற நிலை வந்ததும், வசதி படைத்த தோட்டக்காரர்கள் எந்திரத்தில் முதலீடு செய்யத் துணிந்தனர். எனினும் எண்ணெய் எந்திரத்தின் விலையும் எரிபொருள் செலவும் நடுத்தர உழவருக்கு எட்டாதவையாகவே இருந்தன.

திருப்புமுனையை உண்டாக்கியது மின்சாரம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரத்தால் 1930களில் கோவையில் நூற்பாலைகள் பெருகின. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் நூற்பு நெசவாலையோடு மெல்ல வளர்ந்த தொழில், இக்காலத்தில் நகரின் முகத்தையே மாற்றியது. ஆலைகளுக்குச் சென்ற மின்கம்பிகள் இடைப்பட்ட ஊர்களின் தோட்டங்களையும் தொட்டன. மின்மோட்டார் கொங்குக் கிணறுகளில் மாகாணத்தின் பிற பகுதிகளைவிட முன்னதாக இடம்பெற்றது.

இயந்திரத்தை ஆக்கும் தொழிலும் உள்ளூரிலேயே தோன்றியது. 1926இல் நிறுவப்பட்ட பி.எஸ்.ஜி. தொழில் நிலையம் பம்பு உற்பத்தியில் முன்னோடிகளுள் ஒன்று. 1937இல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் கோவையில் உருவான மின்மோட்டார், இந்தியாவில் ஆக்கப்பட்ட முதல் மின்மோட்டார் எனக் குறிப்பிடப்படுகிறது. வார்ப்படப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் பெருகி, நாட்டின் பெரும் பம்பு உற்பத்தி மையங்களுள் ஒன்றாகக் கோவை வளர்ந்தது. பஞ்சாபின் டிராக்டர் வரலாற்றிலிருந்து கொங்கு வரலாறு வேறுபடும் இடம் இதுவே. இங்கு வேளாண் இயந்திரத்தை வாங்கிய உழவர் குடும்பங்களும் அதனை ஆக்கிய பட்டறை முதலாளிகளும் ஒரே வட்டாரத்தவர். பல வேளைகளில் ஒரே உறவுவட்டத்தினர். தோட்டத்தில் சேர்ந்த உபரி பட்டறைக்கும் ஆலைக்கும் சென்றது. பிற்காலத்தில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வேளாண் பின்புலம் கொண்ட கவுண்டர்கள் எழுந்த விதத்தை ஷரத் சாரி (2004) விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மோட்டார் அழித்த வேலையும் உண்டாக்கிய வேலையும்

விடுதலைக்குப் பின் ஊரக மின்மயமாக்கம் விரைவுபெற்றது. 1950களிலும் 1960களிலும் மோட்டார் இணைப்பு கொங்கு ஊர்களில் பரவலாயிற்று. காங்கயம் வட்டார ஊர் ஒன்றில் 1960களின் நடுவில் களஆய்வு செய்த பிரெண்டா பெக்கின் நூல் (1972) மரபான வேளாண் உறவுகளும் புதிய மாற்றங்களும் அருகருகே நின்ற காலத்தைச் சேர்ந்தது.

மோட்டாரின் நேரடி விளைவுகள் மூன்று. முதலாவது, கவலை ஓட்டும் வேலை மறைந்தது. ஆண்டு முழுவதும் இரு ஆடவரை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உடைமையாளருக்கு நீங்கியது. இரண்டாவது, இறைவை மாடுகள் தேவையற்றுப் போயின. ஏர் உழவுக்கு மட்டும் ஒரு சோடி போதுமானது. மூன்றாவது, சாலும் தும்பியும் மறைந்ததால் தோல்வேலைக்கான தானியப் பங்கு நின்றது. இரும்புச் சால் பரவியபோதே சுருங்கத் தொடங்கிய அவ்வருவாய் மோட்டாரின் வருகையால் முற்றுப்பெற்றது.

ஆயின் மொத்த வேலை குறையவில்லை. கவலைக்கு எட்டும் நீரளவே முன்பு பயிர்ப் பரப்பின் எல்லையாக இருந்தது. மோட்டார் அவ்வெல்லையை அகற்றியது. காடாகக் கிடந்த நிலத்தின் ஒரு பகுதி தோட்டமாயிற்று. ஒருபோகம் இருபோகமாயிற்று. கரும்பு, வாழை, மஞ்சள், காய்கறி, கலப்பினப் பருத்தி ஆகிய நீர் வேட்கையுள்ள பயிர்கள் பெருகின. மாட்டுத்தீவனத்துக்காக ஒதுக்கிய தோட்டப் பகுதியும் பணப்பயிருக்கு விடப்பட்டது. இப்பயிர்கள் அனைத்தும் களையெடுப்பு, பருத்தி எடுப்பு, கரும்பு வெட்டு, மஞ்சள் தோண்டி வேகவைத்தல் எனப் பெருமளவு கைவேலையைக் கோருபவை. அவ்வேலைகளில் பலவும் பெண்கள் செய்பவை. ஆண் பண்ணையாளின் நிலைத்த வேலையை மோட்டார் குறைத்தது; பெண்களின் நாட்கூலி வேலையைப் பெருக்கியது. இயந்திரமயம் வேலையைக் குறைத்தது என்றோ கூட்டியது என்றோ பொதுப்படக் கூறுவது இந்தப் பால்வேறுபாட்டை மறைத்துவிடும்.

கால்வாய்ப் பகுதியில் மாற்றம் வேறு வகையில் அமைந்தது. 1950களின் நடுவில் நிறைவுற்ற கீழ்பவானித் திட்டம் ஏறத்தாழ 2.07 இலட்சம் ஏக்கருக்குப் பாசனம் அளிக்கிறது. ஒரு பருவத்தில் நன்செய்ப் பயிரும் மறுபருவத்தில் புன்செய்ப் பயிரும் என்னும் முறைநீர் ஏற்பாடு அங்குள்ளது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளுக்கு நீர் கொணர்ந்தது. இக்கால்வாய்களின் கசிவுநீர் கிணறுகளை நிரப்பியதால், கால்வாயும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று துணையாயின. காடாக இருந்த பெரும்பரப்பு இவ்வாறு பாசன நிலமாக மாறியது.

மின்கட்டணப் போராட்டமும் நீரின் பங்கீடும்

மோட்டாரை நம்பிய உழவருக்கு மின்கட்டணம் வாழ்வாதாரச் சிக்கலாயிற்று. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து கோவை மாவட்ட உழவர்கள் சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் திரண்டனர். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். 1972இல் உழவர்கள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரச் சாலைகளை அடைத்தனர். அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள் மாநிலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் உழவர்கள் பலியாயினர். ஜூலை 5 இன்றும் உழவர் தினமாக நினைவுகூரப்படுகிறது. கவலையிலிருந்து விடுபட்ட காளைகளே மோட்டாருக்கான மின்சாரத்தைக் கேட்டு நகரச் சாலையில் நின்றன என்பது மாற்றம் எவ்வளவு அண்மையில் நிகழ்ந்தது என்பதைக் காட்டும்.

இப்போராட்டங்கள் உருவாக்கிய அழுத்தத்தின் தொடர்ச்சியாக 1984இல் சிறு உழவருக்கும், 1990இல் அனைத்து உழவருக்கும் வேளாண் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. இன்று மாநிலத்தில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இலவச வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. சிறு உழவர் பலரைக் கடனிலிருந்து காத்த திட்டம் இது என்பதில் ஐயமில்லை. எனினும் இதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் இடைவெளி புலப்படும். இலவச மின்சாரம் கிணற்றுக்கு வழங்கப்படுகிறது. கிணறு நில உடைமையோடு இணைந்தது. எனவே நிலமற்றோர் இவ்வுதவியின் எல்லைக்கு வெளியே நின்றனர். தலைமுறைகளாகக் கவலை ஓட்டிய குடும்பங்களுக்கு மோட்டார் நீரில் பங்கில்லை. உழவர் போராட்டம் நீரிறைப்பின் விலையைக் குறைத்தது. நீரின் பங்கீடு அதன் கோரிக்கைகளுள் முதன்மை பெறவில்லை.

அதே காலத்தில் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முன்பணத்தால் ஆளைப் பிணைப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் மட்டும் பண்ணையாள் முறையை முடிவுக்குக் கொண்டுவந்ததாகக் கூற இயலாது. கோவைப் பகுதி ஊர்களை 1981–82இல் ஆய்ந்து, 1996இலும் 2008–09இலும் மீளாய்வு செய்த ஜூடித் ஹேயரின் ஆய்வுகள், 1980களின் தொடக்கத்திலும் பண்ணையாள்கள் இருந்தனர் என்பதையும், பின்னர் அம்முறை தேய்ந்து நாட்கூலி முறை மேலோங்கியதையும் காட்டுகின்றன. மோட்டார் நிலைத்த ஆளின் தேவையைக் குறைத்தது. நியாயவிலைக் கடையும் சத்துணவும் உடைமையாளரைச் சார்ந்திருக்கும் கட்டாயத்தைக் குறைத்தன. புறவேலை வாய்ப்புப் பேரம் பேசும் வலுவைத் தந்தது. இம்மூன்றும் சேர்ந்தே பழைய பிணைப்பைத் தளர்த்தின.

நீர் இறங்கியது, ஆள் நகர்ந்தது

கட்டணமில்லா மின்சாரமும் கடும்பாறை நிலமும் சேர்ந்தபோது நீர்மட்டம் இறங்கியது தவிர்க்க இயலாததாயிற்று. முதலில் கிணறுகள் ஆழமாக்கப்பட்டன. பின்னர்க் கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டிலும் செங்குத்தாகவும் துளையிடப்பட்டது. அதன்பின் ஆழ்துளைக் கிணறும், காற்றழுத்தக் கம்ப்ரசரும், நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. 1,000 அடிக்கும் கீழே துளையிடுவது இன்று பல ஊர்களில் வியப்புக்குரியதன்று. கவலைக் காலத்தில் கிணற்றின் ஆழத்துக்கு மாட்டின் வலிமை எல்லையாக இருந்தது. மோட்டார்க் காலத்தில் உழவரின் கடன் வாங்கும் திறன் எல்லையாயிற்று. ஒரே நீர்க்கட்டிலிருந்து ஆழமாகத் துளையிட்டவர் எடுக்க, அண்டைச் சிறு உழவரின் கிணறு வறண்டது. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் 2013இல் நீக்கப்பட்டது.

கிணறு வறண்ட தோட்டம் மீண்டும் காடாயிற்று. ஆனால் பழைய காட்டின் கம்பும் சோளமும் அங்குத் திரும்பவில்லை. அவற்றை விதைத்து அறுக்கும் ஆளும் இல்லை. கட்டுப்படியாகும் விலையும் இல்லை. நிலம் தரிசாகக் கிடந்தது.

தொழிலாளர் வெளியேற்றம் எல்லோருக்கும் ஒரே காலத்தில் நிகழவில்லை. நிலமுடைய சாதியினர் முன்னரே ஆலை, பட்டறை, பின்னலாடைத் தொழில்களுக்கு நகர்ந்தனர். அருந்ததியர் நெடுங்காலம் வேளாண் கூலியிலேயே தங்க நேர்ந்ததை ஹேயரின் மீளாய்வுகள் உணர்த்துகின்றன. திருப்பூரை அடுத்த இரு ஊர்களை ஒப்பிட்ட கார்ஸ்வெல், டி நெவ் ஆகியோரின் ஆய்வுகள் இதில் மேலும் நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகின்றன. பின்னலாடை ஆலைகளுக்கு நாள்தோறும் சென்றுவர முடிந்த ஊரில் தலித் இளைஞர்கள் ஊர் உடைமையாளரின் பிடியிலிருந்து விலகினர். விசைத்தறி மேலோங்கிய ஊரில் முன்பணம் மீண்டும் அவர்களைப் பிணைத்தது. கிணற்றடியில் மறைந்த முன்பணம் தறிக்கூடத்தில் புதுவடிவம் பெற்றது. வேளாண்மையிலிருந்து வெளியேறியோர் அனைவரும் ஒரே அளவு விடுதலை பெற்றனர் எனக் கொள்வதற்கில்லை.

இரண்டாம் கட்டம்: ஆள் தேவையைக் குறைத்த நிலம்

1990களுக்குப் பின்னர், குறிப்பாக 2000க்குப் பின்னர், காரணகாரியம் தலைகீழாயிற்று. ஆலைக் கூலி உயர்ந்தது. 2006 முதல் நடைமுறைக்கு வந்த ஊரக வேலை உறுதித் திட்டம், நூறு நாள் வேலை என்னும் பெயரில், பெண்களுக்கும் முதியோருக்கும் மாற்று வருவாயை அளித்தது. வேளாண் கூலியும் உயர வேண்டியதாயிற்று. இந்நிலையில் உழவர் இரு வழிகளைக் கைக்கொண்டனர்: இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்துதல், ஆள் தேவை குறைந்த பயிருக்கு மாறுதல்.

முதல் வழியில் டிராக்டர் உழவு எங்கும் பொதுவாயிற்று. கீழ்பவானிப் பாசனப் பகுதியின் நெல்வயல்களில் அறுவடை இயந்திரம் கதிரறுக்கும் குழுக்களின் இடத்தைப் பிடித்தது. களையெடுப்பில் களைக்கொல்லியும் விசைக்களையெடுப்பானும் நுழைந்தன. சொட்டுநீர்ப் பாசனம் நீரை மிச்சப்படுத்துவதற்காக ஊக்குவிக்கப்படுகிறது. சிறு குறு உழவருக்கு முழு மானியமும் உண்டு. உழவர் பலர் அதனை விரும்புவதற்கு இன்னொரு காரணம், தண்ணீர் கட்டும் ஆள் தேவையில்லை என்பது. கவலைக் காலத்தின் இருவருள் ஒருவரை மோட்டார் நீக்கியது. எஞ்சிய ஒருவரைச் சொட்டுநீர் நீக்கியது எனலாம்.

இரண்டாம் வழியின் அடையாளம் தென்னை. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதிகளில் பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த நிலங்கள் தென்னந்தோப்புகளாயின. தென்னைக்கு ஆண்டுமுழுவதும் நீர் வேண்டும். ஆனால் கையாள் மிகக் குறைவாகவே வேண்டும். நகரில் தொழில் செய்யும் உடைமையாளருக்கும் அது ஏற்றது. பல பயிர் விளைந்த வட்டாரம் ஒற்றைப் பயிரை நம்பியதால், 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், பின்னர்ப் பரவிய வாடல் நோயும் ஒட்டுமொத்த வட்டாரத்தையும் பாதித்தன. கோழித்தீவனத் தேவையால் மக்காச்சோளமும், பல்லடம் பகுதியில் கறிக்கோழிக் கொட்டகைகளும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிய காற்றாலைகளும், நகர்ப்புற விளிம்பில் வீட்டுமனைகளும் நிலப் பயன்பாட்டின் புதிய வடிவங்களாயின. இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு, ஏக்கருக்குத் தேவைப்படும் வேளாண் ஆள் குறைவு என்பதே.

இக்கட்டத்தில் இழப்பு யாருக்கு? ஆலைக்குச் செல்லத்தக்க வயதும் வழியும் உள்ளோர்க்கு இது பெரிதும் இழப்பன்று. திருப்பூர் வேன் எட்டாத ஊர்களின் நடுவயது கடந்த பெண்களுக்குக் களையெடுப்பும் பருத்தி எடுப்புமே கைக்காசு தந்தன. மோட்டார் பெருக்கிய அவ்வேலையைக் களைக்கொல்லியும் தென்னையும் சுருக்கின. ஆள் பற்றாக்குறை என்னும் சொல் உடைமையாளரின் நோக்கிலிருந்து எழுந்தது. அதே ஊரின் அருந்ததியர் குடியிருப்பிலிருந்து நோக்கினால், ஆண்டில் சில வாரங்கள் அனைவரையும் ஒருசேர அழைக்கும் வேலையும், எஞ்சிய மாதங்களில் எவரையும் அழைக்காத நிலமுமே தென்படும்.

கொரங்காடும் காளையும்

நிலப் பயன்பாட்டு மாற்றத்தில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி மேய்ச்சல் நிலம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பகுதிகளில் கொரங்காடு என்னும் தனியார் மேய்ச்சல் நில முறை உள்ளது. முள்கிளுவை வேலி சூழ்ந்த நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்க்கப்படும். காங்கயம் காளைகள் உருவான சூழல் இதுவே. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இவ்வினத்தைப் பேணியதில் பெயர்பெற்றது. கன்னபுரம், அந்தியூர்ச் சந்தைகள் இம்மாடுகளின் வணிகக் களங்கள்.

காங்கயம் காளையின் தேவை இழுவைத் திறனைச் சார்ந்தது. கவலையும் ஏரும் வண்டியும் அதற்கு வேலை தந்தன. மோட்டார் முதலில் கவலையை நீக்கியது; டிராக்டர் ஏரை நீக்கியது; சரக்குந்து வண்டியை நீக்கியது. கறவைக்கு அயலினக் கலப்பின மாடுகள் வந்தன. வேலையிழந்த காளையோடு அதனைத் தாங்கிய நிலமும் பொருளாதார மதிப்பை இழந்தது. கொரங்காடுகள் பல மனைகளாகவும் காற்றாலைத் தளங்களாகவும் மாறின. கிணற்றுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாததாகத் தோன்றும் மேய்ச்சல் நிலத்தின் சுருக்கமும் கிணற்றடியில் தொடங்கிய மாற்றத்தின் தொடர்விளைவே. எஞ்சிய கொரங்காடுகள் ஆட்டு வளர்ப்பாலேயே பெரிதும் நிலைத்துள்ளன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

கொங்கு நாட்டு வேளாண் இயந்திரமயம் ஒற்றை நிகழ்வன்று. 1930கள் முதல் 1980கள் வரையிலான முதற்கட்டத்தில் நீரிறைப்பு இயந்திரமே முதன்மையானது. அது பண்ணையாளின் நிலைத்த வேலையைக் குறைத்துப் பெண்களின் நாட்கூலி வேலையைப் பெருக்கியது, காட்டைத் தோட்டமாக்கியது. 1990களுக்குப் பிந்தைய இரண்டாம் கட்டத்தில் தொழிலாளர் வெளியேற்றமே காரணம். இயந்திரமும் தென்னையும் அதன் விளைவுகள். தோட்டம் தோப்பாகவும் தரிசாகவும் மனையாகவும் மாறியது இக்கட்டத்திலேயே.

பண்ணையாள் முறையின் தேய்வை இயந்திரத்தின் கொடை என்று மட்டும் காண்பது பொருந்தாது. மோட்டார் ஆளின் தேவையைக் குறைத்தது. அந்த ஆள் எங்குச் செல்வார் என்பதை ஆலையும், அரசின் நலத்திட்டங்களும், ஊருக்கும் நகருக்கும் இடையிலான தொலைவும் தீர்மானித்தன. அதனால்தான் ஓர் ஊரில் விடுதலையாக அமைந்த மாற்றம் மற்றோர் ஊரில் முன்பணமாகத் திரும்பியது.

இரு கட்டங்களிலும் மாறாதிருந்தது நீரின் உடைமை. தோல் தைத்தும் கவலை ஓட்டியும் நீரை மேலேற்றிய மக்களுக்கு அந்நீரில் உரிமை இருந்ததில்லை. மின்சாரம் கட்டணமின்றி வந்தபோதும் கிட்டவில்லை. இன்று வேளாண் ஆள் பற்றாக்குறைக்குத் தீர்வாக மேலும் இயந்திர மானியம் முன்வைக்கப்படுகிறது. அம்மானியமும் நில உடைமையின் வழியே செல்வதாயின் பழைய இடைவெளியே தொடரும். வேளாண் இயந்திர வாடகை மையங்களை நிலமற்றோர் குழுக்களின் பொறுப்பில் அளிப்பது, வறண்ட தோட்டங்களைக் கூட்டுக் குத்தகைக்கு அவர்களுக்குத் திறந்துவிடுவது போன்ற வழிகள் ஆராயத்தக்கவை. கொங்கு வேளாண்மையின் வரலாற்றை எழுதுவோர் கிணற்றின் ஆழத்தை அளப்பதோடு, அக்கிணற்றைச் சுற்றி நின்றோரில் எவருக்கு நீர் கிடைத்தது என்பதையும் கணக்கிட வேண்டும்.